கூலிக்குப் போர் செய்வோரும் கூலி கொடுப்போரும்

சென்ற ஆண்டு தசலட்சண பருவ நாள்களில் உறவினர் ஒருவர் நம் இல்லத்திற்கு வந்திருந்தார். நம் ஒன்றுவிட்ட தமக்கையின் மைந்தர். பதினேழு ஆண்டுகள் இந்தியப் படையில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். அரபிக் கடலிலும் ஏடன் வளைகுடாவிலும் செல்லும் சரக்குக் கப்பல்களில் துப்பாக்கியுடன் காவல் இருக்கும் வேலை ஒன்று தமக்குக் கிடைக்கவிருப்பதாகவும், சம்பளம் ஓய்வூதியத்தைப் போல் நான்கு மடங்கு என்றும் கூறி, "போகலாமா மாமா?" என்று கேட்டார். நாம் சிறிதும் தயங்காமல் "கூடாது" என்றோம். அவர் சற்றுநேரம் பேசாதிருந்துவிட்டு, "படையில் சேர்ந்தபோது ஊரார் கூடி மாலை போட்டு அனுப்பினீர்கள். அதே துப்பாக்கிதானே மாமா? எந்த இடத்தில் பாவமாகிறது?" என்றார்.

அவருக்கு நாம் அன்று சொன்ன விடை நமக்கே நிறைவளிக்கவில்லை. அகிம்சையைப் பரம தருமமாகக் கொண்ட குடும்பங்களில் பிறந்து வளர்ந்த நாம், இத்தகைய வினாவிற்கு மனப்பாடமான ஒரு சொல்லை மட்டும் எடுத்து நீட்டிவிடுகிறோம். அவ்வினாவைப் பின்னர் பல நாள்கள் எண்ணிப் பார்த்ததன் பயனே இக்கட்டுரை.

கூலிப்படை என்பது புதிதன்று. மூலப்படை, கூலிப்படை, நாட்டுப்படை, காட்டுப்படை, துணைப்படை, பகைப்படை எனப் படையை ஆறு வகையாகப் பிரித்துப் பரிமேலழகர் உரைத்திருப்பதையும், அவற்றுள் மூலப்படைக்கே தலைமை தந்திருப்பதையும் தமிழறிந்தோர் அறிவர். புதிதாக வந்திருப்பது கூலிப்படையின் உடை. இன்று அது பதிவு பெற்ற நிறுவனமாக, இயக்குநர் குழுவும் வழக்கறிஞரும் ஆண்டறிக்கையும் உடையதாக விளங்குகிறது. 1989இல் தென்னாப்பிரிக்காவில் ஈபன் பார்லோ என்னும் முன்னாள் படை அதிகாரி தொடங்கிய நிறுவனத்தின் பெயர் எக்ஸிகியூட்டிவ் அவுட்கம்ஸ். பெயரை மட்டும் கேட்போர் அதனைக் கணக்குத் தணிக்கை செய்யும் அலுவலகம் என்றே எண்ணுவர். போர் என்னும் சொல்லோ படை என்னும் சொல்லோ இத்தகைய நிறுவனங்களின் பெயர்களில் பெரும்பாலும் இராது. பாதுகாப்பு, தீர்வு, ஆலோசனை, சேவை என்பனவே அவர்கள் விரும்பும் சொற்கள்.

இவை எங்கோ தொலைவில் நடப்பன என்று எண்ண வேண்டா. 2013ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில், 'சீமன் கார்ட் ஓகையோ' என்னும் கப்பல் நம் தூத்துக்குடிக் கடற்பகுதியில் கடலோரக் காவல் படையினரால் பிடிக்கப்பட்டது. அமெரிக்க நிறுவனம் ஒன்றைச் சேர்ந்த அக்கப்பல், கடற்கொள்ளையரிடமிருந்து வணிகக் கப்பல்களைக் காக்கும் ஆயுதக் காவலர்களைச் சுமந்து கடலில் மிதந்த ஒரு படைக்கலக் கொட்டில் போன்றது. அதிலிருந்த 35 பேரில் பிரிட்டானியர், எஸ்தோனியர், உக்ரைனியர், இந்தியர் எனப் பல நாட்டினரும் இருந்தனர். பலர் முன்னாள் படைவீரர். உரிய அனுமதியின்றி ஆயுதம் வைத்திருந்ததாகத் தொடரப்பட்ட வழக்கில் 2016 சனவரியில் தூத்துக்குடி நீதிமன்றம் ஐந்தாண்டுச் சிறைத் தண்டனை விதித்தது. 2017 நவம்பரில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அனைவரையும் விடுதலை செய்தது. சட்டத்தின் கண்ணில் அவர்கள் குற்றமற்றோர்; அதில் நமக்கு மறுப்பில்லை. ஆயினும் ஒன்று நம் நெஞ்சில் தங்கிவிட்டது. சிறையில் கிடந்தோர் மாதச் சம்பளத்திற்கு வந்தவர். கப்பலை அனுப்பியவர்களும், அவர்களிடம் காவலை விலைக்கு வாங்கிய வணிகர்களும் அந்தக் கூண்டில் நிற்கவில்லை.

செய்பவன் ஒருவன், செய்விப்பவன் மற்றொருவன், பயன் நுகர்பவன் வேறொருவன்! இதற்கு இன்னும் கொடிய சான்று பக்தாத் நகரில் உண்டு. 2007 செப்டம்பர் 16ஆம் நாள், நிசூர் சதுக்கம் என்னும் நாற்சந்தியில், அமெரிக்க வெளியுறவுத் துறையினரைக் காக்கும் ஒப்பந்தம் பெற்றிருந்த பிளாக்வாட்டர் நிறுவனத்தின் காவலர்கள் போக்குவரத்து நெரிசலில் நின்ற வண்டிகளை நோக்கிச் சுட்டனர். பொதுமக்கள் 17 பேர் இறந்தனர். அவர்களுள் ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவனும் உண்டு. நான்கு காவலர்கள் 2014இல் அமெரிக்க நீதிமன்றத்தில் குற்றவாளிகள் எனத் தீர்க்கப்பட்டனர். 2020 டிசம்பரில் அந்நாட்டுக் குடியரசுத் தலைவர் டிரம்ப் அந்நால்வருக்கும் மன்னிப்பு வழங்கினார். நிறுவனமோ 2009இல் ஒரு பெயரும் 2011இல் வேறொரு பெயரும் பூண்டது. ஈராக்கிய நீதிமன்றம் அவர்களை விசாரிக்கவே இயலாதிருந்தது. ஆட்சியை ஈராக்கியரிடம் ஒப்படைப்பதற்கு முந்தைய நாள்களில், ஆக்கிரமிப்பு நிருவாகம் பிறப்பித்த 17ஆம் ஆணை, ஒப்பந்தக்காரர்களை உள்நாட்டுச் சட்டத்தின் பிடிக்கு அப்பால் நிறுத்தியிருந்தது.

அந்தச் சிறுவனைக் கொன்றவர் யார்? சுட்டவரைக் கேட்டால் ஆபத்து என்று அஞ்சினோம் என்பார். நிறுவனத்தைக் கேட்டால் ஒப்பந்தப்படி நடந்தோம் என்னும். அரசைக் கேட்டால் அவர்கள் நம் படையினர் அல்லர் என்னும். வரி செலுத்திய குடிமகனுக்கு அப்படியொரு நிறுவனம் இருந்ததே தெரியாது. ஒரு கொலையை இத்தனை பேருக்குப் பகிர்ந்தால் ஒருவர் பங்குக்கும் ஒன்றும் வராது என்னும் கணக்கு இது.

ஆனால் நம் ஆசிரியர்கள் வகுத்த கணக்கு வேறு. தான் செய்தல், பிறரால் செய்வித்தல், பிறர் செய்வதற்கு உடன்படுதல் ஆகிய கிருதம், காரிதம், அனுமோதனை என்னும் மூன்றையும் மனம், மொழி, மெய் என்னும் மூன்றோடும் உறழ்வர். செயலை எண்ணுதல், அதற்குக் கருவி கூட்டுதல், செய்யத் தொடங்குதல் என்னும் மூன்று நிலைகளையும், வெகுளி, செருக்கு, வஞ்சம், உலோபம் என்னும் நான்கு கஷாயங்களையும் அவற்றோடு பெருக்கினால் 108 வரும். தத்துவார்த்த சூத்திரத்தின் ஆறாம் அத்தியாயம் வினை வரும் வாயில்களை இவ்வாறு எண்ணுகிறது. செபமாலையின் 108 மணிகளுக்கு இதனைக் காரணம் கூறும் பெரியோரும் உளர். நாம் கருத வேண்டியது இக்கணக்கின் போக்கு. இது பெருக்கற் கணக்கே அன்றி வகுத்தற் கணக்கன்று. ஏவியவனுக்குப் பாதி, செய்தவனுக்குப் பாதி என்று பிரியாது. ஒவ்வொருவரும் தத்தம் வாயிலில் முழுமையாகவே பெறுகின்றனர்.

யசோதர காவியத்தைப் படித்த நம் இல்லத்துப் பெண்டிர்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. உயிர்க்கோழியைப் பலியிட மறுத்த யசோதரன், தாய் சந்திரமதியின் வற்புறுத்தலால் மாவினால் செய்த கோழியை வெட்டினான். உயிர் ஒன்றும் போகவில்லை. ஆயினும் வெட்டிய மகனும் வெட்டுவித்த தாயும் ஒருசேரப் பல விலங்குப் பிறவிகளில் உழன்றனர். வாளைத் தொடாத தாய்க்கு வினை குறைந்ததாகக் காவியம் பாடவில்லை.

ஈழத் தமிழர் வாழ்விலும் இக்கணக்கிற்கு ஒரு சான்று இருக்கிறது. 1984 முதல், பிரிட்டனின் முன்னாள் சிறப்புப் படையினர் நடத்திய கே.எம்.எஸ். என்னும் தனியார் நிறுவனம் இலங்கைக் காவல்துறையின் சிறப்பு அதிரடிப் படைக்குப் பயிற்சி அளித்தது. அதன் ஆட்கள் ஹெலிகாப்டர்களும் ஓட்டினர். அப்படை தமிழ்ப் பொதுமக்களுக்கு இழைத்த கொடுமைகள் பரவலாகப் பதிவாகியுள்ளன. ஆயினும் இலண்டனில் இருந்தோர்க்கு, இஃது அரசு அனுப்பிய படையன்று, தனியார் வணிகம் என்று சொல்ல இடமிருந்தது. 2020ஆம் ஆண்டில்தான் இலண்டன் காவல்துறை இதைப் பற்றிய புலன்விசாரணையைத் தொடங்கியது. ஏறத்தாழ முப்பத்தாறு ஆண்டுகள்!

இதுவரை எழுதியது எளிது. கூலிப்படையின் தீமையைக் கூறி நல்லோர் தலையசைப்பைப் பெறுவது யார்க்கும் கைகூடும். கடினமான பகுதிக்கு இனி வருவோம். உறவினர்க்கு நாம் அன்று மறைத்ததும் இதுவே.

மேற்கு ஆப்பிரிக்காவில் சியரா லியோன் என்னும் சிறு நாட்டில் 1991இல் உள்நாட்டுப் போர் மூண்டது. புரட்சி ஐக்கிய முன்னணி என்று தம்மை அழைத்துக்கொண்டோர் சிறுவர்களைப் பிடித்துப் படையில் சேர்த்தனர். ஊரார் கைகளை வெட்டினர். 1995இல் அவர்கள் தலைநகர் ஃபிரீடவுனை நெருங்கியபோது நாட்டின் சொந்தப் படை நிலைகுலைந்திருந்தது. உதவ எந்த நாடும் விரைந்து வரவில்லை. அரசு, முன்னே குறிப்பிட்ட எக்ஸிகியூட்டிவ் அவுட்கம்ஸ் நிறுவனத்தைக் கூலிக்கு அமர்த்தியது. சில நூறு பேரே வந்தனர். சில நாள்களில் தலைநகர் காப்பாற்றப்பட்டது. சில மாதங்களில் வைரச் சுரங்கப் பகுதியும் மீட்கப்பட்டது. 1996இல் தேர்தலும் நடந்தது. அமைதி உடன்படிக்கையின்படி 1997 சனவரியில் நிறுவனம் வெளியேறியது. அவ்வாண்டு மே மாதத்திலேயே படையினர் ஆட்சியைக் கவிழ்த்தனர். 1999 சனவரியில் கிளர்ச்சியாளர் ஃபிரீடவுனுக்குள் புகுந்து ஆயிரக்கணக்கானோரைக் கொன்றனர்.

கூலிப்படை இருந்தபோது மக்கள் உயிர் பிழைத்தனர், அது போனபின் மாண்டனர் என்று ஒருவர் வாதிட்டால் நாம் என்ன சொல்வது? அவர்கள் இனவெறி ஆட்சியின் படையில் பயின்றோர் என்றும், வைரச் சுரங்க நலன்களோடு தொடர்புடையோர் என்றும் கூறலாம், இரண்டும் உண்மையே. ஆனால் கை வெட்டப்படாமல் தப்பிய ஒரு தாய்க்கு அவ்விரண்டும் பொருட்டல்ல. அந்தத் தாயின் முன் நின்று, உன்னைக் காத்தவர் கூலிக்காரர் ஆதலின் அச்செயல் அறமன்று என்று சொல்லும் துணிவு நமக்கில்லை. 1994க்குப் பின் ருவாண்டா அகதிகள் முகாமில் ஆயுதம் தாங்கியோரை ஏதிலிகளிடமிருந்து பிரிக்க இத்தகைய நிறுவனமொன்றை அமர்த்தலாமா என்று எண்ணிப் பார்த்ததாகவும், உலகம் அதற்கு ஆயத்தமாக இல்லை எனக் கைவிட்டதாகவும் ஐக்கிய நாடுகள் அவையின் பொதுச் செயலாளராயிருந்த கோஃபி அன்னானே 1998இல் கூறியுள்ளார். அவரையும் கொடியவர் எனல் ஆகுமோ?

இல்லறத்தார்க்கு நம் ஆசிரியர்கள் எல்லா இம்சையையும் விலக்கவில்லை. வேண்டுமென்றே செய்யும் சங்கல்ப இம்சையையே முற்றும் விடச் சொன்னார்கள். இல்லத் தொழிலால் நேர்வது, பிழைப்புத் தொழிலால் நேர்வது, தன்னையும் தன்னைச் சார்ந்தோரையும் தாக்க வருவோரை எதிர்ப்பதால் நேர்வது ஆகிய மூன்றும் இல்லறத்தானால் முற்றிலும் தவிர்க்க இயலாதன என்று அறிந்தே அணுவிரதம் வகுத்தனர். ஆகவே ஃபிரீடவுனைக் காத்துநின்ற உள்நாட்டான் செய்தது விரோத இம்சை. அவன் பக்கத்தில் நின்று சுட்ட கூலிவீரன் செய்தது எது? வெளிப்பார்வைக்கு இரண்டும் ஒன்று. ஆனால் உள்நாட்டான் எதிர்த்தது தன்னைத் தாக்க வந்தவனை. கூலிவீரனை அங்கு எவரும் தாக்க வரவில்லை. அவனே விமானம் ஏறி அப்பகையிடம் சென்றான். ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் நாளில் தன் பகைவன் யார் என்பது அவனுக்குத் தெரியாது. பணம் தருவோன் காட்டும் ஆளே பகைவன். எவரைக் கொல்வது என்னும் முடிவை விலைக்குக் கொடுத்தல் சங்கல்பத்திற்கு வெகு அருகில் நிற்கிறது என்று நாம் கருதுகிறோம்.

இதற்கும் உறவினர் மறுப்புச் சொன்னார். "நாட்டுப் படையில் மட்டும் நானா முடிவு செய்தேன்? மேலதிகாரி காட்டிய ஆள்தான் பகைவன்" என்றார். நேர்மையான மறுப்பு. நாம் காணும் வேறுபாடு இது. நாட்டுப் படைக்கு ஏவலிடுவோர் நம் வாக்கைக் கேட்டு வருவோர். அவர் ஏவியதில் நமக்கும் காரிதமும் அனுமோதனையும் உண்டு. பங்கு உண்டு என்பதாலேயே நிறுத்து என்று சொல்லும் கடமையும் நமக்கு உண்டு. சொல்லத் தவறுகிறோம் என்பது வேறு. நிறுவனத்தில் அந்தச் சங்கிலி ஒரு கணக்கேட்டில் போய் முடிகிறது. அங்கே நிறுத்து என்று சொல்லும் வாய் எவர்க்கும் இல்லை. மேலும் நான்கு கஷாயங்களுள் வெகுளி தணியும். செருக்கு அடிபட்டால் ஒடுங்கும். உலோபம் மட்டும் ஊட்ட ஊட்ட வளரும். வெகுளியால் எழுந்த போருக்கு ஓய்வு உண்டு. அச்சத்தை விற்றுப் பிழைப்பவர்க்கு அச்சம் தீர்ந்தால் கடை மூட வேண்டியதுதான்.

பப்புவா நியூகினியில் 1997இல் நடந்ததைச் சற்று விரித்துக் கூற விரும்புகிறோம். அந்நாட்டின் பூகன்வில் தீவில், பங்குனா செப்புச் சுரங்கத்தால் நிலமும் ஆறும் கெட்டன என்று மக்கள் கிளர்ந்தெழ, 1989இல் சுரங்கம் மூடப்பட்டது. போர் ஆண்டுக்கணக்கில் நீடித்து ஆயிரக்கணக்கானோரைப் பலிகொண்டது. பிரதமர் ஜூலியஸ் சான், சாண்ட்லைன் என்னும் நிறுவனத்தை 3 கோடியே 60 லட்சம் டாலருக்கு அமர்த்தினார். கூலிவீரர் வந்திறங்கியதும், அந்நாட்டுப் படைத்தலைவர் ஜெரி சிங்கிரோக் அவர்களைச் சிறைப்பிடித்து நாட்டைவிட்டு அனுப்பிவிட்டார். மக்கள் தெருவில் திரண்டனர். பிரதமர் பதவியினின்று விலகி நிற்க நேர்ந்தது. நிறுவனத்திற்கு நட்டமில்லை, மீதிப் பணத்தையும் கொடுக்க வேண்டும் என்று நடுவர் மன்றம் 1998இல் தீர்ப்பளித்தது. அது கிடக்கட்டும். பின்னர் நடந்ததே வியப்பு. அவ்வாண்டிலேயே நியூசிலாந்தில் இரு தரப்பினரும் கூடிப் பேசினர். போர்நிறுத்தத்தைக் கண்காணிக்க நியூசிலாந்து, ஆஸ்திரேலியா, ஃபிஜி, வனுவாட்டு நாடுகளிலிருந்து வந்த குழுவினர் ஆயுதம் ஏந்தவில்லை. ஆயுதமின்றியே ஊர் ஊராகச் சென்றனர். தீவின் பெண்கள் காட்டிலிருந்த தம் மைந்தரைத் தேடிச் சென்று அழைத்து வந்தனர். 2001இல் அமைதி உடன்படிக்கை கையெழுத்தாயிற்று.

இதனைக் காட்டி, பார்த்தீர்களா, ஆயுதமின்றி எங்கும் அமைதி வரும் என்று கூற நாம் முற்படவில்லை. பூகன்வில்லில் இரு தரப்பும் களைத்திருந்தன. 1995இல் சியரா லியோனில் அந்நிலை இல்லை. ஆனால் 3 கோடியே 60 லட்சம் டாலருக்கு வாங்க முற்பட்ட ஒன்று வேறு வழியில் கிடைத்தது என்பதும், வாங்கியிருந்தால் அவ்வழி அடைபட்டிருக்கும் என்பதும் உண்மை.

கூலி பெறுவோரை நாம் இகழவில்லை. 2016 சூன் மாதம் காபூல் நகரில் கனடியத் தூதரகக் காவலர்களை ஏற்றிச் சென்ற பேருந்தின்மீது நடந்த தற்கொலைத் தாக்குதலில் இறந்தோர் பெரும்பாலும் நேபாளத்து ஏழைக் குடும்பத்தினர், இந்தியரும் இருந்தனர். ரஷியாவில் வாக்னர் நிறுவனம் 2022இல் சிறைக் கைதிகளிடம் ஆறு மாதம் போரிட்டால் விடுதலை என்று ஆசை காட்டிப் படைதிரட்டியது. பாக்முத் நகரப் போரில் தம் ஆட்கள் ஏறத்தாழ 20,000 பேர் மடிந்தனர், அவர்களில் பாதியளவு கைதிகள் என்று அதன் தலைவர் பிரிகோசினே 2023 மே மாதத்தில் கூறினார். அடுத்த மாதமே அவர் தம்மை வளர்த்த அரசுக்கு எதிராகப் படை நடத்தினார். ஆகஸ்டில் விமான விபத்தில் இறந்தார். இத்தகையோர் மரணங்கள் நாட்டுப் படையின் இழப்புக் கணக்கில் பெரும்பாலும் ஏறுவதில்லை. ஏறாத இடத்தில் வைப்பதற்காகவே ஒப்பந்தம் என்றும் தோன்றுகிறது.

சட்டங்கள் இல்லாமலில்லை. கூலிப்படை திரட்டுதலுக்கு எதிராக 1989இல் ஒரு பன்னாட்டு உடன்படிக்கை உருவாயிற்று. 2008இல் சுவிட்சர்லாந்தின் முயற்சியால் மோன்த்ரோ ஆவணம் வெளிவந்தது. முன்னதில் கூலிப்படையினன் என்பதற்கு இடப்பட்ட இலக்கணத்திற்குள் அடங்காமல் நழுவுவது இந்நிறுவனங்களுக்குக் கடினமன்று. பின்னது எவரையும் கட்டாயப்படுத்தாது.

வாள், நஞ்சு, தீ முதலிய கொலைக்கருவிகளைப் பிறர்க்குக் கொடுத்தலை இம்சாதானம் என்று அனர்த்த தண்டங்களுள் ஒன்றாக இரத்தினகரண்டக சிராவகாசாரம் விலக்குகிறது. இரவல் கொடுப்பதே குற்றமாயின், கருவியோடு ஆளையும் சேர்த்து வாடகைக்கு விடுவதை எங்கு வைப்பது? அவ்வாறு விடும் நிறுவனத்தின் பங்கினை வாங்குவதை எங்கு வைப்பது? நம் பிள்ளைகள் இன்று நகரங்களிலும் வெளிநாடுகளிலும் பணிபுரிந்து, பரஸ்பர நிதிகளில் பணம் இடுகின்றனர். அந்நிதி எந்தெந்த நிறுவனத்தில் இடப்பட்டது என்னும் பட்டியல் கேட்டால் கிடைக்கும். இறைச்சி, மது, ஆயுதம் இவற்றில் நம் பணம் இருக்கிறதா என்று பார்த்தவர் நம்மில் எத்தனை பேர்? இரவில் உண்ணாமையைக் காக்கும் கவனத்தில் நூறில் ஒரு பங்கேனும் இதற்குச் செலவிட்டோமா? நாம் செலவிடவில்லை என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறோம்.

கப்பற் காவலைப் பற்றி உறவினர் கேட்டதற்கு, இத்தனைக்கும் பின், நாம் எழுதிய மடலில் இவ்வாறு குறிப்பிட்டோம். கொள்ளையரிடமிருந்து மாலுமிகளின் உயிரைக் காப்பது பழிக்கத்தக்கதன்று. ஆனால் இருட்டில் நெருங்கும் படகில் இருப்பவன் கொள்ளையனா, வலை வீசும் மீனவனா என்பதை ஒரு நொடியில் நீ முடிவு செய்ய வேண்டும். தவறினால் கேட்பார் இல்லாத நடுக்கடல் அது. கேட்பார் இல்லாத இடத்தில் துப்பாக்கியோடு நிற்க நீ சம்பளம் பெறலாகாது என்பதே நம் கருத்து. போகாதே என்று கட்டளையிடும் உரிமை நமக்கில்லை.

அவர் போகவில்லை. நம் மடல்தான் காரணம் என்று சொல்ல இயலாது. அவர் மனைவியும் அழுதிருக்கிறார். இப்போது நகரத்தில் ஒரு வங்கிக் கிளையின் வாயிலில், தனியார் காவல் நிறுவனம் ஒன்றின் சீருடையில், இரட்டைக்குழல் துப்பாக்கியுடன் நிற்கிறார். சம்பளம் கப்பலில் சொன்னதில் ஆறில் ஒரு பங்கும் இல்லை. நம் வைப்புத் தொகையும் அக்கிளையிலேதான் இருக்கிறது. சென்ற மாதம் வட்டியைப் பதியச் சென்றபோது எழுந்து வணங்கினார். நலம் விசாரித்தோம். துப்பாக்கியைச் சற்றே உயர்த்திக் காட்டி, "இது யாருக்காக மாமா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். உள்ளே வரிசையில் நம் எண்ணை அழைத்தார்கள். சென்று வட்டியைப் பதிந்துகொண்டு வந்தோம்.